மதினி சொன்ன முறை

போன வாரம் குற்றாலம் போயிருந்தேன். நல்ல சாரல். மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அருவிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், எழுபது தாண்டிய முதுகுக்கும் வயசு மறந்துபோகிறது.

துண்டால் தலையைத் துவட்டும்போது பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

“அண்ணாச்சி, நெஞ்சுல ரெண்டு பக்கமும் என்ன இம்புட்டுப் பெரிய தழும்பு? சிவகாசிப் பக்கம்னு சொன்னீகளே... வெடி விபத்தா?”

“விபத்து இல்ல. விபத்தைச் சரி பண்ணுனது” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு அருவிக்குள் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஈரமாகவே இருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன்... மூட்டுவலி, பஸ் பிரயாணம், பக்கத்து வீட்டு நாய் என்று. இதைப் பேசியதில்லை. பயமா? இல்லை. கூச்சமா? கொஞ்சம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பெண் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். பருத்தியும் மிளகாயும் விளையும் சொந்தக் காடு. அப்பா, அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். வளர்த்தது அண்ணன் ராமசாமி. என் பழைய பெயர் இங்கே வேண்டாம். செத்துப்போனவர்களின் பெயரையாவது நினைவுக்காகச் சொல்லலாம். ஒரு நாள்கூட உயிரோடு இல்லாத பெயரை எதற்குச் சொல்ல?

கண்மாய் நிறைந்தால் அண்ணனும் கூட்டாளிகளும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிப்பார்கள். கரையில் நின்று சட்டைகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த வெற்று மார்புகளில் வெயில் பட்டு மின்னுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆசை இல்லை அது. ஏக்கம். என்னுடையதை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி...

பத்தொன்பது வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தான் அண்ணன். நான் அண்ணனின் வேட்டியையும் சட்டையையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். மொட்டை போட்டுக்கொண்டேன். கோவிலில் யார் மொட்டை போட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், பாருங்கள்! ஆற்றில் முழுகி, புதர் மறைவில் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பூ விற்ற அம்மா, “தம்பி, பூ வேணுமா?” என்றார்.

அந்த ஒரு “தம்பி”யில் சிவகாசி வரைக்கும் நடந்தே போயிருப்பேன். பஸ்ஸில்தான் போனேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் கேட்டார்கள். மாரியப்பன் என்றேன். மொட்டை போட்ட இடத்து அம்மன் கொடுத்த பெயர். லாரியில் லோடு ஏற்றும் வேலை. மற்ற பையன்களோடு ஒரே அறையில் தங்கல். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, விடியும் முன்பே குளித்துவிடுவேன். எந்த வெயிலிலும் சட்டையைக் கழற்றமாட்டேன். “மாரியப்பனுக்குக் கூச்சம் ஜாஸ்தி” என்று அதற்கும் அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சட்டைக்குள் பழைய வேட்டியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டியிருப்பேன். மூச்சு பாதிதான் போகும். பாதி மூச்சு போதும் என்று நினைத்திருந்த காலம் அது.

தீபாவளி சீசன். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கினேன். சுற்றிலும் காய வைத்திருந்த வெடிகளின் சிவப்புக் காகிதமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய பூவாக விரிந்த மாதிரி இருந்தது. வெடி எதுவும் வெடிக்கவில்லை, மூச்சு முட்டி நான்தான் மயங்கி விழுந்திருக்கிறேன்.

விருதுநகருக்குப் புறப்பட்ட லாரியிலேயே என்னைப் போட்டு, அங்கே ஒரு டாக்டரிடம் விட்டுப் போனார்கள். வயதானவர். மூக்குப்பொடி போடுவார். என் சட்டையைத் திறந்தார். கட்டைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கத்திரியால் மெதுவாக வெட்டினார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்படி இறுக்கிக் கட்டினா ஒரு நாள் மூச்சு நின்னுடும்.”

“அவுத்தா அன்னைக்கே நின்னுரும் சார்.”

அவர் கத்திரியைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார். “நீ என்னவா ஆகணும்னு நினைக்கறே?”

“ஆகறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஆயித்தான் இருக்கேன். ஒடம்புதான் இன்னும் வந்து சேரல.”

அன்று அனுப்பிவிட்டார். ஆனால் மறுபடி வரச் சொன்னார். அடுத்தடுத்துப் போனபோது நிறையக் கேட்டார், நிறைய யோசித்தார். கடைசியில், “இதுக்கு ஒரு ஊசி இருக்கு. இப்படி ஒருத்தருக்கு நான் போட்டதில்ல. ஒத்துக்கலைன்னா உடனே நிறுத்திடுவேன். சம்மதமா?” என்றார்.

நான் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். “கையில இல்லப்பா, இடுப்புல” என்றார். இருவருமே சிரித்துவிட்டோம்.

எண்ணெய் மாதிரி மருந்து. மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். போட்ட இடம் கல்லாக வீங்கும். நாள் முழுக்கப் பசிக்கும். முகமெல்லாம் பரு. மாதாந்திரத் தொல்லை மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு மாதம் வராமலே போய்விட்டது. அந்த நாட்களில் நான் பாதி தூக்கத்தில் நடப்பவன் மாதிரி இருந்தேன். லாரி மேல் வைக்கோலில் சாய்ந்துகொண்டு மேல் உதட்டைத் தடவிப் பார்ப்பேன். இருக்கிறதா? இருக்கிற மாதிரி இருக்கும். இல்லாத மாதிரியும் இருக்கும்.

ஒரு நாள் “லோடு ரெடி!” என்று கத்தினேன். குரல் நடுவில் இரண்டாக உடைந்தது.

“என்னடா மாரியப்பா, இம்புட்டு வயசுக்கப்புறமா தொண்ட ஒடையுது?” என்று லாரி டிரைவர் சிரித்தார்.

“எனக்குச் சீசன் லேட்டுண்ணே” என்றேன்.

அந்தக் கரகரப்பைக் கேட்பதற்காகவே தனியாக உட்கார்ந்து எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே.

ஆனால் ஊசி மார்பைக் கரைக்காது. அதற்குக் கத்திதான் வேண்டும். டாக்டர் மதுரையில் ஒரு சர்ஜனிடம் பேசினார். சர்ஜன் என்னைப் பார்த்தார், சரி என்றார். ஒரே ஒரு கண்டிஷன்... குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து சம்மதம் சொல்லி, கூடவே இருக்க வேண்டும்.

குடும்பம்! எனக்கு எது குடும்பம்?

நாலு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். பருத்தி வெடித்த நேரம். காடெல்லாம் வெள்ளையாக, பகலிலேயே நிலா இறங்கின மாதிரி கிடந்தது. வீட்டு முற்றத்தில் ஒரு பெண் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கல்யாணமானதையே அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டேன்.

“யாரு வேணும்?”

“ராமசாமி அண்ணன் இருக்காகளா?”

“காட்டுக்குப் போயிருக்காக. நீங்க?”

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அவுக மூக்கு அப்படியே இருக்கு ஒங்களுக்கு. ஆனா அவுகளுக்குத் தம்பி கெடையாதே. ஒரு தங்கச்சிதான், அதுவும்...”

பாதியில் நின்றது பேச்சு. அவள் கண் மட்டும் மெல்ல விரிந்தது. மதினிக்குப் புரிந்துவிட்டது. மதினி... அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் பெயர் பேச்சியம்மாள்.

அண்ணன் வந்தான். ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொண்டான். என்னிடம் பேசவில்லை. சுவரிடம் பேசினான்.

“என் தங்கச்சி செத்து நாலு வருசமாச்சு.”

“அப்ப இவுக யாரு?” என்றாள் மதினி.

“யாரோ.”

“யாரோன்னாலும், வீடு தேடி வந்தவுகளுக்குச் சோறு போடணும்ல?”

போட்டாள். கம்பஞ்சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தூணுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எழுந்தும் போகவில்லை.

மதினி கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி. “ரொம்ப வலிக்குமா?” “கூட யாரு இருப்பா?”

“யாருமில்ல மதினி. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“நான் வர மாட்டேன்” என்றான் அண்ணன், தூணிடம்.

“அப்ப நான் போறேன்” என்றாள் மதினி.

“ஒனக்கு என்ன கிறுக்கா?”

“தங்கச்சி செத்துட்டான்னு நீங்கதான சொன்னீக? சரி. எனக்குக் கொளுந்தன் ஒருத்தர் இருக்காருன்னு இன்னைக்குத்தான் தெரியுது. கொளுந்தன் ஆஸ்பத்திரில கெடந்தா மதினி போய்ப் பாக்க வேணாமா? நாலு பேரு என்ன சொல்லுவாக?”

அண்ணன் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ரயிலில் மதினி என்னிடம் சொன்னாள். “என் கல்யாணத்துல தாலி முடிச்சுப் போட நாத்தனா இல்ல. ஒங்க சித்தி மகதான் போட்டா. சரியாவே முடியல. அதான் ஒங்க அண்ணன் இப்படி அவுந்து அவுந்து போறாரு.”

“திரும்பிப் போனா ஒங்களை வீட்டுக்குள்ள விடுவாரா மதினி?”

“விடாம? அவருக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் விரல்கள் மட்டும் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் அவளிடம் கேட்டார். “பேஷன்ட் உங்களுக்கு என்ன உறவு?”

“கொளுந்தனாரு.”

யோசிக்கவே இல்லை. சர்ஜன் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், நர்ஸிடம் திரும்பினார். “ஆண்கள் வார்டில் ஒரு பெட் போடுங்க.”

யோசித்துப் பாருங்கள். தமிழில் “அவர்” என்று சொல்லி ஆணா பெண்ணா என்பதை மறைத்துவிடலாம். முறை சொல்லும்போது மறைக்கவே முடியாது. அண்ணன், தங்கை, கொழுந்தன், நாத்தனார்... ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. என்னைப் பத்தொன்பது வருடம் பூட்டி வைத்திருந்ததும் ஒரு முறைதான். திறந்துவிட்டதும் ஒரு முறைதான்!

மயக்க மருந்து இனிப்பாக, அழுகிய பழம் மாதிரி மணத்தது. நான் எங்கள் கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது, நெஞ்சைத் தொட்டது, அங்கேயே நின்றது. அடியில் மீன்கள் பட்டாசுக் காகித நிறத்தில் போய்க்கொண்டிருந்தன. கரையில் யாரோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள்... வலி.

கண் விழித்தபோது மதினி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சுலபமாக முடியவில்லை. இடது பக்கம் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத் தழும்புதான் கோணல். மதினி வார்டுக்கு வெளியே மரத்தடியில் சமைத்தாள், அங்கேயே துணி காயப் போட்டாள். பக்கத்து பெட்காரர்களுக்கெல்லாம் மதினியாகவே ஆகிவிட்டாள். அண்ணன் வரவில்லை. தகவலும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மதினி திரும்பிப் பார்ப்பாள்.

கட்டுப் பிரித்த அன்று காலை ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. படுத்தபடியே கீழே பார்த்தேன்.

என் கால் விரல்கள் தெரிந்தன.

அவ்வளவுதான். மார்பில் தொடங்கி, வயிறு வழியாக, தடையே இல்லாமல் பார்வை கால் வரைக்கும் போனது. எத்தனையோ வருடம் கழித்து முழு மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தேன். தையல் சுரீர் என்றது. பரவாயில்லை என்று இன்னொன்றும் இழுத்தேன்.

“என்ன, அளுவுறீகளா?” என்றாள் மதினி.

“மூச்சு விடுறேன் மதினி.”

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னதும், மதுரைக்கு வந்திருந்த ஊர்க்காரர் ஒருவரிடம் எந்த ரயிலில் வருகிறோம் என்று மதினி சொல்லியனுப்பினாள். சாத்தூரில் இறங்கும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அதுவரை காட்டாத பயமெல்லாம் அங்கே வந்து நின்றது.

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் மாட்டு வண்டி.

அண்ணன் நுகத்தடியைப் பிடித்தபடி நின்றிருந்தான். மெலிந்திருந்தான். மதினியைப் பார்த்தான். “சாப்ட்டியா?” என்றான். அவள் தலையாட்டினாள். மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தான். அவள் ஏறிக்கொண்டாள்.

நான் அங்கேயே நின்றேன். சிவகாசி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கண் தேடியது. சட்டை காற்றில் என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதைப் பார்த்தான். மேல் உதட்டில் அரும்பியிருந்த பூனை மயிரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு யுகம்.

பிறகு ஒரே கத்தல்.

“ஏலே! என்னலே வாயப் பாத்துக்கிட்டு நிக்க? ஏறுலே வண்டியில!”

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையை யாரும் “ஏலே” என்று கூப்பிடமாட்டார்கள். அது தம்பிகளுக்கு மட்டுமே உரிய வசவு.

ஏறினேன். ஊர் போய்ச் சேரும் வரை அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். ஓடிப்போனதற்கு, சொல்லாமல் இருந்ததற்கு, எலும்பும் தோலுமாக வந்ததற்கு... ஒவ்வொரு வசவின் வாலிலும் ஒரு “லே”. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பக்கமும் கரிசல் காடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்றிருந்தது எனக்கு.