வாசற்படியில் சுருண்டு கிடந்த அட்டை

எழுந்து நடக்க முடியாத ஒருவரின் காலில் அட்டை எப்படி ஏறும்? அதுவும் மாடியில், சிமெந்துத் தரை போட்ட அறையில், கட்டிலில் கிடப்பவரின் காலில்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீடு கொட்டகலைக்குப் பக்கத்தில், தேயிலை மலை வந்து முடிகிற இடத்தில் இருக்கிறது. வாசலை விட்டு இறங்கினாலே அட்டைதான். மாமனார் கம்பு நுனியில் துணியில் உப்பைக் கட்டி வைத்திருப்பார், அதை வைத்தால் காலில் ஏறிய அட்டை சுருண்டு விழுந்துவிடும். என் மகள் பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். வெளியே போய் வந்தால் வாசற்படியில் கம்பைத் தட்டிவிட்டு நின்றுவிடுவார். நான் போய் அவர் காலைப் பார்த்து, "ஒன்னும் இல்ல மாமா, உள்ள வாங்க" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு மழை பெய்தாலும் அதற்கு முன் படியைத் தாண்டமாட்டார். "புள்ள தவழுற வீடும்மா" என்பார். அவள் ஓடத் தொடங்கிய பிறகும் அதையேதான் சொன்னார்.

போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையானார். நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறேன், அவரைத் தூக்கித் திருப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நுவரெலியாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம் என்றார் என் கணவர். "பிரசவம் முடியிற வரைக்குந்தான். நீயே சொல்லு, நீ சொன்னா கேப்பாரு."

நானே சொன்னேன். மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ சொல்றியாம்மா? அப்ப சரி" என்றார்.

அவர் போய்ச் சில நாட்கள் கழித்து ஒரு பின்னேரம், பனி இறங்கி எதிரே மலையே தெரியாத நேரம், வாசற்படியில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னலருகே விளையாடிக்கொண்டிருந்த மகள் சாதாரணமாகத் திரும்பி, "அம்மா, தாத்தா நிக்கிறாரு, கால் பாக்கணுமாம்" என்றாள். நான் அவளை ஜன்னலிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துக் கதவைத் திறந்தால் யாரும் இல்லை, படியில் மட்டும் உப்புப் பட்டுச் சுருண்ட அட்டை ஒன்று கிடந்தது, அதைச் சுற்றி ஈரம். கம்பு கதவுக்குப் பின்னால் வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதன் உப்புத் துணி நனைந்திருந்தது.

உடனே இல்லத்துக்குப் போன் பண்ணினேன். மாமாவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் மிஸ் எடுத்தார்.

"கட்டில்லதான் இருக்காருங்க. ஆனா கணுக்கால்ல ரத்தம் நிக்காம வருது. பாத்தா அட்டைக் கடி மாதிரி இருக்கு, இங்க ஏதுங்க அட்டை?"

"கொஞ்சம் பாத்துக்குங்க மிஸ், எனக்குப் புள்ள பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருவோம்."

"உங்க வீட்டுக்காரரு சொல்லலீங்களா? கடைசி வரைக்கும்னு சொல்லித்தானே விட்டுட்டுப் போனாரு. உடுப்பு, சாமிப்படம் எல்லாம் கொண்டாந்து குடுத்துட்டாரே."

மாமாவின் அலுமாரியைத் திறந்தேன். காலியாக இருந்தது.

கணவர் வந்ததும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அவருகிட்டப் பேசியிருப்பியா? நான் சொன்னா போகமாட்டாரு. நீ சொன்னாத்தான் போவாரு" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. மாமாவை ஏமாற்ற என் வாயை இரவல் வாங்கியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தோம். சுத்தமாக வைத்திருக்கிறார்கள், முதுகில் ஒரு புண் இல்லை, என்னால் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாசல்ல ரொம்ப நேரம் நின்னேம்மா. நீ வந்து காலப் பாக்கல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். மருந்து மயக்கம் என்றார் கணவர். இருக்கலாம். ஆனால் அன்று வாசலில் நடந்ததை நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இப்போதும் பனி இறங்கும் பின்னேரங்களில் அந்தத் தட்டல் கேட்கிறது. மகள் விளையாட்டை நிறுத்திவிட்டு, "தாத்தாவ உள்ள வரச் சொல்லுங்கம்மா" என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

படுக்கையில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள், வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் திரும்பக் கூட்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், எப்படிச் சமாளித்தீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்த முறை தட்டினால் நான் கதவைத் திறந்து "உள்ள வாங்க மாமா" என்று சொல்லலாமா? சொல்லி அவர் உள்ளே வந்துவிட்டால், அங்கே கட்டிலில் கிடப்பவருக்கு என்ன ஆகும்?