நுனி முறித்த செடிகள்

பிள்ளைகளே, லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி உங்களுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். கீழே வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் நீங்கள் அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிட்டீர்கள். தோட்டத்தின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூடு இருந்தது. அந்தப் பக்கம் நீங்கள் போனால் நான் மேலே இருந்து கத்துவேன். பந்து போய் விழுந்தாலும் உங்களை எடுக்க விடமாட்டேன், நானே இறங்கிப் போய் எடுத்து வருவேன். "அப்பா ஏன் அந்தப் பந்துக்கு அப்படிப் பயந்தீங்கள்?" என்று பெரியவள் போன கிழமை கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்து முடிக்கிற விஷயம் இல்லை அது. ஆனபடியால் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டுக்குள் வீட்டுக்காரர் கஞ்சா வளர்த்தார்.

அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவரே கூட்டிப்போய்க் காட்டினார். மாமிக்கு நரம்பு வருத்தம், தீராத நோய். கால் இரண்டும் திடீரென்று இழுத்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி விறைத்துப்போகும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அவவைப் பார்ப்பதற்காக வேலையை விட்டிருந்தார். ஆஸ்பத்திரி மருந்து குடித்தால் நாள் முழுக்க மயக்கம்தான், இழுப்பு நிற்காது. யாரோ சொல்லி இதை ஒரு தடவை கொடுத்துப் பார்த்தாராம். அன்றைக்குக் கால் தளர்ந்ததாம். அதற்குப் பிறகுதான் செடி வைத்தார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் ஞாபகம்.

"இது என்ர மனுசியின்ர உடம்புக்குள்ள போற சாமான். கடையில விக்கிற உரம், பூச்சி மருந்து ஒண்டும் கிட்ட விடமாட்டன்," என்றார்.

மரப்பெட்டிக்குள் மண் இருந்தது. மூலையில் மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் போட்டு மக்க வைத்த குவியல். குதிரை லாயம் ஒன்றில் இருந்து சாணம் கொண்டுவந்து அதோடு கலப்பார். இலையில் பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையாகப் பின்பக்கம் திருப்பித் துடைப்பார். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி இருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்களுடைய அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. இருக்கலாமா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் லோயர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பொலிஸ் சம்பந்தப்பட்ட எந்தச் சோலிக்கும் போயிடாதேங்கோ. பேர் ஒருக்கா பதிவாகிட்டால் பிறகு நான் ஒண்டும் செய்யேலாது." இங்கேயோ, ஒரே கதவால் உள்ளே போய் வருகிற வீடு. கீழே பொலிஸ் வந்தால் மேலே ஏறமாட்டார்களா? கஞ்சா யாருடையது என்று கேட்டால், ஊரே இல்லாமல் வந்தவனைத்தானே முதலில் பார்ப்பார்கள்?

மேலே வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவ கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா.

"கஞ்சாவோ? பரியாரிமார் லேகியத்துக்குப் போடுறதுதானே. அதுக்கு ஏன் முகம் இப்பிடிப் போச்சு?"

"இஞ்ச அது குற்றமப்பா. பிடிச்சால் மறியலுக்குள்ள போடுவாங்கள்."

"அவையைப் பிடிக்கட்டும். நாங்கள் என்ன, சுருட்டோ சுத்தினனாங்கள்?"

"நீர் கீழ போகாதையும். அவ்வளவுதான் சொல்லுறன்."

"ஓம் ஓம்," என்றா. அப்படி இரண்டு தரம் சொன்னால் கேட்கமாட்டா என்று அர்த்தம்.

நான் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. நான் இல்லாத நேரத்தில் அவ உங்களையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விடுவா. அவவுக்கு ஆங்கிலம் வராது, மாமிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். எங்கள் குசினித் தோல்கள் எல்லாம் கீழே குவியலுக்குப் போகத் தொடங்கின. பிறகு மீன் கழுவின தண்ணீரும் போனது. அதை ஒரு வாளியில் மூடி வைத்துப் புளிக்கவிட்டுச் செடிக்கு ஊற்றச் சொன்னா. அன்றைக்கு வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்து என்னிடம் கேட்டார்: "உன்ர மனுசிக்கு என்னோட ஏதும் கோபமோ?"

செடிகள் ஆள் உயரத்துக்கு வந்தன. எனக்கு ஒவ்வொரு அங்குலமும் கேஸுக்கு மேலே வளர்கிற மாதிரி இருந்தது. என்னோடு வேலை செய்கிற ஒருவருடைய தமையனுக்கு நோர்பரியில் இருந்த வீட்டில் அறை இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

கோடை முடியப்போகிற நேரம் வீட்டுக்காரர் மாமியைக் கடற்கரைப் பக்கம் இருந்த அவவின் தங்கச்சி வீட்டுக்குக் கொஞ்ச நாள் கூட்டிப்போனார். போகுமுன் என்னிடம், தண்ணீர் மட்டும் ஊற்ற ஏலுமா என்று கேட்டார். நான் ஷிப்ட், முதுகு நோவு என்று இழுத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற உங்கள் அம்மா, "நான், நான்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. அவர் அவவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் அம்மா புகையிலைத் தோட்டக்காரரின் மகள். என்னுடையது கடை வைத்திருந்த குடும்பம். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. புகையிலைக் கன்று உயர்ந்து பூக்கப்போகிற நேரம் அவர்கள் நுனியை முறித்துவிடுவார்கள். இலைக்கவட்டில் வருகிற குருத்துகளையும் விடாமல் கிள்ளுவார்கள். பூவுக்குப் போகிற சத்து இலைக்குத் திரும்பும், இலை தடிக்கும், காரம் ஏறும். அதை முறிக்காமல் விட்டவனைச் சோம்பேறி என்று அயலெல்லாம் சிரிக்கும்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முதல் நாள் நான் வேலையால் வந்தபோது அம்மாவின் கையெல்லாம் பிசின்.

"செடியெல்லாம் பூத்துப்போச்சு," என்றா. "பாவம், அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. இவ்வளவு உரத்தைப் போட்டிட்டுப் பூக்க விட்டிட்டுப் போட்டார். முழுக்க முறிச்சு விட்டிட்டன். இனிப் பாருங்கோ இலையை."

"முறிச்சதை என்ன செய்தனீர்?"

"குவியலுக்குள்ள தாட்டுப்போட்டன். எருவாகட்டும்."

நல்ல வேலை செய்தீர் என்று நானும் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர்கள் வந்தார்கள். மாமியைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் நேரே தோட்டத்துக்குப் போனார். உங்கள் அம்மா சிரித்த முகத்தோடு பின்னால் போனா. நான் ஜன்னலில் நின்றேன். அவர் கூட்டுக்குள் போனார், வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா மட்டும் திரும்பி வந்து, "அந்தாள் மண்ணில இருக்குது. எழும்புதில்லை. ஒருக்கா வாங்கோ," என்றா.

நான் போனேன். மரப்பெட்டியின் ஓரத்தில் இருந்தார். கத்தவில்லை. முறித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"பூதான் மருந்து," என்றார். "இலையில ஒண்டும் இல்லை. பூதான் எல்லாம்."

நான் திரும்பி அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அவவுக்கு விளங்க நேரம் எடுத்தது.

"கஞ்சா இலை எண்டுதானே சொல்லுறது? கஞ்சாப் பூ எண்டு ஆரும் சொல்லிக் கேட்டிருக்கிறீங்களோ?" என்று என்னைக் கேட்டா, ஏதோ நான் பொய் சொல்கிற மாதிரி. பிறகு குவியலுக்கு ஓடிப்போய்க் கையால் கிளறினா. மீன் தண்ணீர் ஊற்றின குவியல். எல்லாம் அந்த அழுகலோடு கலந்து நசிந்து கறுத்திருந்தது. அவர் எழும்பி வந்து அவவின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடு, விடு," என்றார். அந்த வருஷத்தில் திரும்ப வளர்க்க வெயில் இல்லை.

எனக்கோ, உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கினது உண்மை. இனிப் பொலிஸ் வந்தால் வரட்டும், மருந்தில்லாத வெறும் இலையும் தண்டும்தானே நிற்கிறது என்று நினைத்தேன்.

குளிர் வந்தது. நான் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்திருப்பேன். நிலப்பலகைக்குக் கீழே இருந்து மாமியின் குரல் வரும். அழுகை என்று சொல்ல ஏலாது. பாரம் தூக்குகிறவர்கள் மூச்சு அடக்குகிற சத்தம். நீங்கள் கேட்கக்கூடாது என்று அம்மா டிவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பா. பிறகு நல்லெண்ணெய்யைச் சுட வைத்துக் கொண்டு கீழே போய் அந்தக் கால்களை உருவிவிடுவா. உருவும் மட்டும் கொஞ்சம் தளரும். கையை எடுக்கத் திரும்ப இழுக்கும்.

அவர் பார்த்துப் பார்த்துத் தாங்க ஏலாமல் தெருவில் யாரோ பெடியன்களிடம் வாங்கி வந்தார். இலைக்குச் சவர்க்காரத் தண்ணீரைத் தவிர ஒன்றும் காட்டாத மனிதர், என்ன கலந்தது என்று தெரியாததைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு வழி? அன்றைக்கு மாமி சத்தி எடுத்து, கண் மேலே செருகி, அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் என்ன கொடுத்தீர்கள், சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் உங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். மேலே நின்ற என்னை அவர் ஒருதரம் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் யார் கேற்றைத் திறந்தாலும் நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஒருவரும் வரவில்லை. மாமி திரும்பி வந்தா, இன்னும் மெலிந்து.

நோர்பரி அறை சரிவந்தது. நான் அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றா.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? கேஸ் வெல்ல வேணுமோ இல்லையோ?"

"வெல்ல வேணும். ஆர் இல்லை எண்டது? ஆனால் அந்தக் காலை இழுக்கிறது வருத்தம் மட்டும் இல்லை, நானும்தான். அவவை இப்பிடி விட்டிட்டு எனக்கு இந்தப் படியால இறங்கிப் போக ஏலாது."

சண்டை பிடித்தோம். நீங்கள் பள்ளிக்கூடத்தால் வர நிறுத்தினோம். அறையை நான் உடனே வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

பனி விட்டபிறகு ஒரு நாள் வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டி, முதல் தடவையாக உள்ளே வரலாமா என்று கேட்டார். தன்னுடைய வீட்டில் அப்படிக் கேட்டார். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"விதை வைச்சிருக்கிறன். போன வருசம் உங்களைக் கேளாமல் செய்தன். அது பிழை. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு, கேஸ் இருக்கு. நீர் வேண்டாம் எண்டால் நான் போடமாட்டன். கோபமும் இல்லை."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போய்விட்டா. பதில் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று விட்டுவிட்டா.

அவர் தானாகப் போட்டிருந்தால் நான் திட்டிக்கொண்டே நோர்பரிக்குப் போயிருப்பேன். என்னைக் கேட்டதுதான் என்னைக் கட்டிப்போட்டது. ஒரு பக்கம் நீங்கள் இரண்டு பேர். மறு பக்கம் அந்தச் சத்தம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வைக்கவேண்டி வந்தது.

"போடுங்கோ," என்றேன்.

அவர் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. செடி வளர்ந்தது, பூத்தது, மாமியின் கால் தளர்ந்தது. சில நாள் அவ உங்களுக்குக் கதைப் புத்தகம் வாசித்தா. நானோ பொலிஸ் வாகனம் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் கையில் இருக்கிறதை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். ஒரு தடவை அடுத்த வீட்டுச் சண்டைக்கு வந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் உங்களைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

கேஸ் சரிவந்தபோது லோயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு பிரச்சினைக்கும் போகாமல் ஒழுங்காய் இருந்தனீங்கள். அது பெரிய உதவி," என்றார். நான் ஓம் என்றேன்.

கஞ்சா நல்லது என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. தெருவில் விற்கிறது என்ன செய்யும் என்று என் கண்ணால் கண்டவன் நான். சட்டத்தை மீறலாம் என்று சொல்லவும் வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் ஒருவரும் கதவைத் தட்டாமல் போனது எங்களுடைய அதிர்ஷ்டம், என்னுடைய கெட்டித்தனம் இல்லை. தட்டியிருந்தால் நீங்கள் எங்கே வளர்ந்திருப்பீர்கள், வளர்ந்திருப்பீர்களா என்று நினைத்தால் இப்போதும் எழும்பி நடக்கவேண்டி வரும். உங்களைக் கேட்காமல் உங்களை வைத்து ஒரு பதில் சொன்னேன். அது சரியா பிழையா என்று நீங்கள் எனக்குச் சொல்லலாம். நான் கோபிக்கமாட்டேன்.