நான் பெல் அடிக்கவில்லை

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் என் இடது கால் செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவே இல்லை. பத்தடி தள்ளி வந்த பிறகு பூக்காரம்மா கூப்பிட்டுச் சொல்லித்தான் குனிந்து பார்த்தேன். வெறும் பாதம் வெயில் தரையில் இருந்தது. சுடவில்லை.

இருபத்தொரு வருடம் தனியார் நர்சிங் ஹோமில் நர்சாக இருந்தவள் நான். அது என்ன என்று அங்கேயே புரிந்துவிட்டது. புரிந்தும் இரண்டு மாதம் முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

கோலாரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் (முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்த வினையாம். ஆபரேஷன் செய்தால் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்றார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் படுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது எதிரே நின்றவள் ரோசலின்.

அவளும் எங்கள் தங்கவயல் பெண்தான். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் நர்சிங் ஹோமில் என் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது இந்த மருத்துவமனையில் வார்டு நர்ஸ். முன்பெல்லாம் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டவள் அன்று, "திரும்புங்கம்மா" என்றாள். வார்டில் இருந்த எல்லோரும் அவளுக்கு அம்மாதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளையாத அவள் முதுகைப் பார்த்தால் எரிச்சல். டியூட்டி முடிந்து பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போவதைப் பார்த்தால் எரிச்சல். எல்லாவற்றையும்விட, அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த கன்னட நோட்டீசைப் பார்த்துத்தான் அதிகம் எரிந்தேன்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களை அடித்தால் மட்டுமல்ல, கேவலமாகப் பேசினாலும் குற்றம், தண்டனை உண்டு என்று சமீபத்தில் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அந்த நோட்டீஸ். டாக்டருக்கு மட்டுமில்லை, நர்சுக்கும் உண்டு. நான் வேலையில் இருந்தபோது ஒரு நோயாளியின் மகன், டிரிப் ஏற்றத் தாமதமானது என்று என்னைக் கன்னத்தில் அறைந்தான். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு அவனிடமே மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த நோட்டீசை ஒரு நாளைக்கு நூறு தடவை படித்தேன்.

முதுகு ஆபரேஷன் ஆனவரை உருட்டுக்கட்டையைப் புரட்டுவது போல உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் திருப்ப வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தானாக இறங்கவே கூடாது. இதை எத்தனையோ பேருக்கு நானே அதட்டிச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் முட்டியது. பெல் தலைமாட்டிலேயே இருந்தது. அடித்தால் ரோசலின் வந்து பெட்பேன் வைப்பாள். அவள் கையால் அது நடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று நானே காலைத் தொங்கவிட்டு இறங்கினேன். இடது பாதம் மடங்கியது. விழுந்துவிட்டேன்.

காபி வாங்கப் போயிருந்த என் கணவர் அப்போதுதான் உள்ளே வந்தார். ஃபேக்டரியில் வெல்டர். வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர். என்னைத் தரையில் பார்த்தார், பின்னாலேயே ஓடி வந்த ரோசலினைப் பார்த்தார். எழுதக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் மருந்து வண்டியின் மேல் விழுந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"பெல் அடிச்சா வரமாட்டியா? இன்னா புடுங்கிட்டிருந்த?" என்று கத்தினார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தது. அத்தனை வலியிலும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விழுந்ததில் டிஸ்க் மறுபடி பிதுங்கிவிட்டது. அன்றே இரண்டாவது ஆபரேஷன். இந்த முறை கால் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து மேட்ரன் காகிதத்தோடு வந்தார். ரோசலின் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். பெல் அடித்தும் அவள் வரவில்லை என்று என் கணவர் பதிலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் அதை உண்மை என்றே நம்பினார். நான் ஆமாம் என்றால் ரோசலினுக்கு மெமோ, வேலைக்கே ஆபத்து. இல்லை என்றால் இவர் கதி அதோகதி. மேட்ரன் வருவதற்கு முன்பே இவர் என் காதோரம் குனிந்து, "அடிச்சேன்னு மட்டும் சொல்லிடு. இல்லாட்டி நான் உள்ள போயிடுவேன்" என்றிருந்தார்.

கட்டுப்போட்ட கையோடு ரோசலின் வாசலில் நின்றாள். அவளை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. அவளையும் கேட்க வைக்கிற ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. என் முதலாளி செய்ததை நான் செய்யப் போகிறேன் என்று தெரிந்தபோதுதான் பயந்தேன்.

"நான் பெல் அடிக்கல. நானாத்தான் எறங்கினேன். இவரு தள்ளினத பாத்தேன்" என்றேன்.

என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேட்ரன் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கட்டு மாற்ற ரோசலினே வந்தாள். "அன்னிக்கே இன்னாத்துக்குச் சொல்லல?" என்று கேட்டாள்.

"பொறாமைடி" என்றேன்.

அவள் பிளாஸ்திரியை ஒழுங்காக ஒட்டிவிட்டுப் போனாள். புகாரை வாபஸ் வாங்கவில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் முதுகு ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள் இருந்தால், வெட்கப்படாமல் பெல்லை அடியுங்கள். நர்சாக இருந்தவர்கள் இரண்டு தடவை அடியுங்கள். நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு பொல்லாதது.

எனக்குப் பாதத் தொய்வு (பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்க முடியாத நிலை) நிலைத்துவிட்டது. வேலைக்குத் திரும்பவில்லை. இரண்டு நிமிடத்தில் போய்வந்த முக்குக் கடைக்கு இப்போது கால் மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் நாள் எனக்கு ஷிப்டுகளாக ஓடும். இப்போது அடி அடியாக நகர்கிறது.

கணவர் ஜாமீனில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. வாய்தா நாளில் என் காலில், தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டைச் சட்டத்தை மாட்டிவிடுவார், பேசமாட்டார். இருவரும் ஒரே பஸ்ஸில் கோலார் போவோம். அவர் குற்றவாளிக் கூண்டுக்கு, நான் சாட்சிக்கு. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கோர்ட்டுப் படிகளை ரோசலின் இரண்டிரண்டாக ஏறுவாள். பார்த்தால் இன்னும் வயிறு எரியும்.

போன வாய்தாவுக்கு அவள் மேலே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். என் கணவர் என் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கீழே இறங்கி வந்தாள். அன்றைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இழுக்காதீங்க. எடது பக்கம் வந்து இடுப்பைப் புடிங்க. நல்ல கால் மொதல்ல."

அவர் சொன்னபடி செய்தார். வலது பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது நாங்கள் மூன்று பேரும் ஐந்தாவது படியில்தான் இருந்தோம்.