பஸ்ஸில் வந்த டைரக்டர்

செய்தி வந்தபோது நான் சங்கத்து விதைக் கிடங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். லோடு ஆள் விதைநெல் மூட்டையை ஈரத்தரையில் இறக்கிவிட்டான். ஆபீஸ் பெண் கவிதா கையில் போனோடு ஓடி வந்தாள். "பெரியம்மா, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஸ்டெல்லாம்மா இறந்துட்டாங்க." நான் அப்படியே அந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாம்மா பார்த்திருந்தால், "முதல்ல மூட்டையை எடுத்து மேல வைங்க, அப்புறம் அழுங்க" என்றிருப்பார்கள். எடுத்து வைத்தோம். பிறகுதான் அழுதோம்.

ஸ்டெல்லா அம்மையார் எங்கள் பெண்கள் சங்கத்தின் டைரக்டர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்களுடையது. நிலமில்லாத பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறோம். சங்கம் என்று கூப்பிட்டாலும் பதிவு செய்த அறக்கட்டளை, வெளியூர் நன்கொடையில் நடப்பது. கமிட்டியில் பாதிப்பேர் டவுனில் படித்தவர்கள், பாதிப்பேர் நாற்று நட்டவர்கள். நான் அந்த இரண்டாவது பாதி.

ஸ்டெல்லாம்மாவுக்கு முன்னால் ஒரு டைரக்டர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பெருமை. ஆபீஸ் முழுக்க அவர் மைத்துனன், மைத்துனன் சம்சாரம், சித்தப்பா மகன். விதை கேட்டுப் போனால் மைத்துனன் சாப்பிடப் போயிருப்பார், கிடங்குச் சாவியும் அவரோடு போயிருக்கும். அப்படியே ஒரு சம்பா பட்டம் தவறி வயல் தரிசாகக் கிடந்தது. அந்த மைத்துனன் முகத்தை இன்றைக்குக் காட்டினாலும் அடையாளம் சொல்வேன். நன்கொடை கொடுத்தவர்கள் கைவிரித்தார்கள். டைரக்டரும் கிளம்பிவிட்டார். "இந்தத் தடவையும் சரியான ஆள் அமையலைன்னா சங்கத்தை மூடிட வேண்டியதுதான்" என்றார் கமிட்டித் தலைவரான வக்கீல். மூடினால் நிலம் கைமாறும், நாங்கள் பழையபடி கூலிக்குப் போக வேண்டும்.

விளம்பரம் கொடுத்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்காணல் நாகப்பட்டினத்தில், ஏசி ரூமில் என்றார் வக்கீல். எங்கள் ஊருக்கு வரட்டும் என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார். அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் விடவில்லை. நேர்காணல் எங்கள் ஊரில்தான் நடந்தது.

வெளியூரிலிருந்து பெரிய ஆள் வந்தால் ஊர் முகப்பிலேயே மாலை போட்டு ஆரத்தி எடுப்பது எங்கள் வழக்கம். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு மாலை எதற்கு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. முதல் கார் வந்தது. மாலை விழுந்ததும் அவர் மைக் எங்கே என்று கேட்டார். இரண்டாவது காரில் வந்தவர் மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது காருக்காக நின்றுகொண்டிருந்தோம்.

டவுன் பஸ் வந்தது. தோளில் பையோடு ஓர் அம்மாள் இறங்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"யாருக்கும்மா மாலை?"

"டைரக்டர் வேலைக்கு வர்றவங்களுக்கு."

"அது நான்தாம்மா. பேரு ஸ்டெல்லா."

மாலை வைத்திருந்த ராசாத்தி சிரித்துவிட்டாள். "ஆமாங்க, நான்தான் கலெக்டரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காரு வர்ற நேரம்."

அவர்களும் தள்ளி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் போன் அடித்தது. "வந்துட்டேன் வக்கீல் சார். உங்க ஊர்க்காரங்க காருக்காக நிக்கிறாங்க. அது வந்ததும் எல்லாரும் சேர்ந்து வர்றோம்."

ராசாத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையோடு ஓடினாள். அவர்கள் கையால் தடுத்தார்கள். "இப்ப வேணாம்மா. இன்னும் வேலையே பார்க்கலியே. பார்த்து முடிச்சப்புறம் போடுங்க."

நேர்காணலில், சங்கத்துக்கு என்ன செய்வீர்கள் என்று வக்கீல் கேட்டார். "அதுக்கு முன்னாடி, போன டைரக்டர் ஏன் போனார்னு சொல்லுங்க" என்றார்கள். படித்தவர்கள் இருமினார்கள். நான் மைத்துனனில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். வக்கீல் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அப்ப எனக்கு ஒரே நிபந்தனை" என்றார்கள். "கமிட்டியில இருக்கறவங்க யாரும் தன் வீட்டு ஆளை இங்க வேலைக்கு வைக்கச் சொல்லக் கூடாது. என் வீட்டு ஆளும் வர மாட்டாங்க. சம்மதம்னா கையத் தூக்குங்க. இல்லேன்னா நான் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

முதலில் தூக்கியது என் கை. வக்கீலின் கை கடைசியில், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல எழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு பட்டமும் தவறவில்லை. கிடங்குச் சாவி முறைவைத்து எங்கள் இடுப்புக்கே வந்தது. புயல் அடித்துக் கூரை எல்லாம் பறந்த வருஷம், தம் வீட்டு ஓடுகளை மாற்றுவதற்கு முன்னால் எங்கள் விதைக்குத் தார்ப்பாய் வாங்கி வந்தார்கள்.

அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. என் பேத்தி பி.காம். முடித்த சமயம், சங்கத்தில் கணக்கு பார்க்கும் இடம் காலியானது. போய்க் கேட்டேன்.

"நல்ல பொண்ணுதான், அஞ்சம்மா. ஆனா அன்னைக்கு முதல்ல தூக்கின கை உங்களோடது."

"உங்களை இந்த நாற்காலியில உக்கார வச்சதே நாங்கதான்!"

"அதுக்குத்தானே வச்சீங்க?"

கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வெகுநாள் அவர்களோடு கமிட்டியில் தவிர வேறெங்கும் பேசவில்லை. பேத்தி பட்டுக்கோட்டையில் தேங்காய்க் கம்பெனியில் சேர்ந்து நன்றாகவே இருக்கிறாள். இருந்தாலும் கோபம் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே, அவர்களுடைய பதவியை நீட்டிக்கும்போதெல்லாம் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

போன தை மாதம், குத்தகைக்கு உழுத நிலத்தில் ஒரு பகுதியைச் சங்கத்தின் பேரிலேயே கிரயம் செய்தோம். உடம்பு முடியாத நிலையிலும் பத்திர ஆபீசுக்கு வந்தார்கள், பஸ்ஸில்தான். கையெழுத்து முடிந்ததும் என் காதருகே குனிந்து, "இனிமே உங்களை யாரும் வரப்பை விட்டு எறங்கச் சொல்ல முடியாது" என்றார்கள். அன்றைக்கு டீ வாங்கித் தந்தார்கள். குடித்தேன்.

துக்க வீட்டில் வக்கீல் என் பக்கத்தில் வந்து நின்றார். "அஞ்சம்மா, அடுத்த டைரக்டர் விஷயம். என் மச்சான் மகன் ஒருத்தன், எம்.பி.ஏ. படிச்சவன், தங்கமான பையன்..."

"கையத் தூக்கினது மறந்துபோச்சா சார்? கண்ணாடியச் சரிபண்ற மாதிரி தூக்கினீங்களே!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"எங்களுக்கு இதெல்லாம் நல்லாவே புரியும் சார்" என்றேன்.

பிறகு ராசாத்தியும் நானும் சேர்ந்து மாலையைப் போட்டோம். இந்தத் தடவை அந்தக் கை தடுக்கவில்லை.

ஸ்டெல்லாம்மா, வேலை பார்த்து முடித்தபின் போடச் சொன்னீர்கள், போட்டாயிற்று. பேத்தி விஷயத்தில் என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. அடுத்த நேர்காணலும் நம் ஊரில்தான். அன்றைக்கு மாலை கிடையாது, ஆரத்தி கிடையாது. நானும் ராசாத்தியும் டவுன் பஸ் நிற்கும் இடத்தில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். போய் வாருங்கள், அம்மா. அன்று தூக்கிய கையை நாங்கள் இன்னும் இறக்கவில்லை.