பூச்சியம் வைக்காத வீதி

எங்கள் மாவட்டத்தில் ஒரு ஒழுங்கைக்குப் புதிதாகத் தெருவிளக்கு வந்தால், அது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே எந்த உத்தியோகத்தரின் மாமியார் வீடு இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கேட்பவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருகோணமலை நகரில் வீதி வேலைகளைப் பார்க்கும் ஒரு அலுவலகத்தின் வரைபடப் பகுதியில் சேர்வதற்கு முன்பு எத்தனையோ பேரை அப்படி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். அதனாலேயே என்னைப் பற்றி ஒருவரும் அப்படிக் கதைக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறிக்கு நேர்மை என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன்.

என் வேலை இதுதான். கணினி வரைபடத்தில் ஒரு வீதி ஒரே கோடாக இருப்பதில்லை. பல பேர் பல காலத்தில் வரைந்த துண்டுக் கோடுகள்தான் இருக்கும். ஒருவர் வடக்கு நோக்கி வரைந்திருப்பார், அடுத்தவர் தெற்கு நோக்கி. இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பி, ஒட்டி, நகரப் பக்க முனையில் பூச்சியம் வைத்து, அங்கிருந்து தூரம் ஏறிக்கொண்டே போகும்படி செய்யவேண்டும். அதன் பிறகு, வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் ஒரு மதகு எங்கே என்று கேட்டால், இன்ன வீதியில் பூச்சியத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். மதகு, பஸ் தரிப்பிடம், பள்ளம், விளக்கு எல்லாம் அந்தத் தூரத்தை வைத்துத்தான் கோட்டில் வந்து உட்காரும். பூச்சியம் வைக்காத வீதியில் எதுவும் உட்காராது. இனித் திருத்த வேலைகளை இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தெரிவு செய்வோம் என்று எங்கள் பொறியியலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

உப்புவெளியிலிருந்து வடக்கே போகும் கடற்கரை வீதி என் பங்குக்கு வந்தது. குச்சவெளி தாண்டி ஓரிடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, பிற்காலத்தில் நேராகப் போட்ட வீதி. மற்றது, களப்புப் பக்கமாக வளைந்து, குடிமனைகளுக்குள்ளால் சுற்றி, மறுபடியும் பெரிய வீதியில் வந்து ஏறும் பழைய வீதி. ஒரு வீதிக்குத் தூரம் ஒரு வழியில்தான் ஏறலாம். இரண்டு வழியாலும் ஏறவிட்டால் ஒரே தூரத்துக்கு இரண்டு இடங்கள் வந்துவிடும். ஆகவே நேர் வீதியைப் பெரிய வீதியோடு சேர்த்துவிட்டு, பழைய வளைவுக்குத் தனிப் பெயரும் தனிப் பூச்சியமும் கொடுக்கவேண்டும். கந்தளாய்ப் பக்கம் இப்படி வந்த வளைவுகளுக்கெல்லாம் யோசிக்காமல் கொடுத்தேன்.

இந்த வளைவில் என் அக்காவின் வீடு இருந்தது.

அத்தானுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். சில்லுக் கதிரையில்தான் நடமாட்டம். மற்றக் காலிலும் ஒரு புண் ஆறாமல் இருந்தது. கிளினிக்குக்கு நகர ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். வளைவின் நடுவில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. வெயில் காலத்தில் ஓட்டோ ஓரத்தால் ஏறி வந்துவிடும். மழை விழுந்தால் ஓட்டோக்காரர் பெரிய வீதியில் நின்றுகொண்டு, வெளியே வாருங்கள் என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கை வரவில்லை. பூச்சியம் வைத்தால் மதகு கோட்டில் ஏறும். மதகைக் கட்டினால், தமக்கை வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும். மற்ற வீதிகளை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அதை ஒதுக்கி வைத்தேன்.

வேலை முடிகிற நேரத்தில் பொறியியலாளர் கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தார்.

"இந்த வளைவுக்கு ஒண்டும் குடுக்கேல்லையே, மிஸ்?"

"அது உள் றோட்டு, சேர். பிறகு பாக்கலாம்."

"ஆக்கள் இருக்கினமா?"

"கொஞ்சப் பேர்தான்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். என் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் பொய் சொல்லவில்லை என்று வீடு போய்ச் சேரும் வரைக்கும் எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பொய் சொல்லாதவளுக்கு அதை அத்தனை தரம் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது. அந்த வருடத்துத் திருத்த வேலைகளில் கந்தளாய் வளைவுகள் இருந்தன. அக்காவின் வளைவு இல்லை.

மார்கழி மழையில் ஒரு கிளினிக் நாள் வந்தது. துணைக்குப் போகலாம் என்று லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போய் வளைவின் முனையில் இறங்கினேன். மதகடியில் தண்ணீர் வீதிக்கு மேலால் ஓடியது. அந்தப் பக்கத்தில் அக்காவும், பக்கத்து வீட்டு மீன்பிடிகாரரும் அத்தானைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அத்தானின் புண் காலில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"பாத்தியா பிள்ளை, சுவாமியைத் தூக்கிற மாதிரித் தூக்கினம்," என்றார் அத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் அக்காவின் கால் குழிக்குள் இறங்கியது. கதிரை சரிந்தது. அத்தானின் கால் முழங்கால்வரை சேற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டுத்தான் வந்தது.

கிழமை திரும்புவதற்குள் காய்ச்சல் வந்தது. புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று வார்டில் மறித்து வைத்தார்கள். காலைக் காப்பாற்றலாமா என்று டொக்டரால் உடனே சொல்ல முடியவில்லை. அக்கா வார்டுக்குள் இருந்தாள். நானும் அந்த மீன்பிடிகாரரும் வெளியே ஒரு மர வாங்கில் இருந்தோம். அங்கே வைத்துத்தான் அவர் சொன்னார்.

"நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைச்சு உங்கட கந்தோருக்குக் குடுக்க வெளிக்கிட்டனாங்கள், தங்கச்சி. அக்காதான் வேண்டாமெண்டு மறிச்சவ. தங்கச்சி அங்க வேலை செய்யிறா, எங்கட றோட்டைப் பற்றிக் கதைச்சா அவவுக்குத்தான் பேர் கெடும் எண்டு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பெயரை நான் ஒரு பக்கத்தால் காப்பாற்ற, அவள் மறுபக்கத்தால் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தானின் கால் கிடந்தது.

கடைசியில் கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்த வளைவைத் திறந்தேன். தலைகீழாகக் கிடந்த ஒரு துண்டைத் திருப்பினேன், ஒரு இடைவெளியை ஒட்டினேன், பெயர் கொடுத்தேன், பூச்சியம் வைத்தேன். உடைந்த மதகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை. அந்தச் சுருக்கம்தான் என்னை அறைந்தது. பிறகு பொறியியலாளரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"இந்த வருசத்து வேலை எல்லாம் முடிவாகிட்டுதே, மிஸ். இனி அடுத்த முறைதான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொந்தக்காரர் இருந்தா என்ன? மதகு உடைஞ்சதுதானே," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா கிணற்றடியில் கதிரையின் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கட றோட்டு என்ர கையிலதான் கிடந்தது. நான்தான் போடாம விட்டனான்."

"மேல இருக்கிறவை வேண்டாமெண்டு சொன்னவையோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் இருக்கிறபடியால, எனக்குக் கதை வருமெண்டு விட்டனான்."

அவள் சில்லை நிறுத்திப் பிடித்தாள். "அப்ப, இந்த வீட்டில வேற ஆரும் இருந்திருந்தா?"

"போட்டிருப்பன்."

அவள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். உள்ளே அத்தான் யார் வந்திருக்கிறது என்று கேட்டார். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இதை அவருக்குச் சொல்லிப்போடாத. நீ வந்தாத்தான் அந்த மனிசன் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுது."

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அத்தான் தனக்கு வைத்த மீனின் நடுத்துண்டை எடுத்து, வேலைக்குப் போகிற பிள்ளை என்று சொல்லி என் தட்டில் போட்டார். நான் அதைச் சாப்பிட்டேன்.