அண்ணனைக் கேட்டுப் போட்ட சைலன்சர்

என் வண்டிக்கு நான்தான் சொந்தக்காரி. பதிவுப் புத்தகத்தில் இருப்பது என் பெயர். ஓட்டுவதும் நான், பெட்ரோல் போடுவதும் நான். என் கணவருக்கு இரண்டு சக்கரத்தில் எதையும் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வந்தாலே ஒவ்வொரு வளைவுக்கும் என் தோளைப் பிடித்துப் பிசைந்துவிடுவார். கொடைக்கானலில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிறம்தான்.

நான் கால்நடை ஆய்வாளர். மேல்மலைக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி, தடுப்பூசி போடுவது என் வேலை. ஊரில் எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். ஆய்வாளர் வேறு, டாக்டர் வேறு என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். பூம்பாறை, போளூர் என்று தினமும் அலைச்சல். இந்த மலையின் பனியும் சாரலும் இரும்பைச் சும்மா விடாது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

ஒரு காலையில் வண்டியைப் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் என்னைவிட இளையவர், வேலையில் கைகாரர் என்று பெயர் எடுத்தவர். "கம்பெனி சைலன்சரே போடுங்க தம்பி. சத்தம் வரக் கூடாது. நான் மாட்டுக்கிட்ட போறவ" என்று தெளிவாகச் சொன்னேன். "சரிக்கா" என்றார். நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து வண்டியைக் கிளப்பினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கொண்டை ஊசி வளைவுகளில் உறுமிக்கொண்டு வருகிற சுற்றுலாப் பையன்களின் வண்டியில் இருக்குமே, அந்தச் சைலன்சர். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத வெறுங்குழாய்.

"என்ன தம்பி இது?"

"கம்பெனி ஐட்டம் ஸ்டாக் இல்லக்கா. அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எதையாச்சும் போடுப்பா, எனக்கு அடுப்புல சோலி கெடக்குன்னாரு."

"என் நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

"இருக்குக்கா. வண்டி விசயம், ஆம்பளைககிட்டப் பேசுறதுதான லேசு."

என்னை அக்கா என்கிறார், என் கணவரை அண்ணன் என்கிறார். அந்தக் கணக்கில் நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். அது போகட்டும். உடனே கழற்றி மாற்றச் சொன்னேன். சீசன் நேரம், வாடகை வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். பழைய சைலன்சரைக் கேட்டேன். பழைய இரும்புக்காரர் மத்தியானமே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்தேன். "அடுப்புல பன்னு கருகுது, அந்த நேரத்துல கேட்டா நான் என்னா சொல்றது? சைலன்சர்னா எல்லாம் ஒண்ணுதானன்னு நெனச்சேன்" என்றார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு என்னங்க?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் வண்டியைப் பற்றி ஓர் ஆண் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல இன்னோர் ஆணுக்கு வாய் வருவதில்லை.

மறுநாள் போளூரில் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஓர் அம்மா தனியாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டு, இரண்டு மாடு வைத்திருக்கிறார். அதில் ஒன்று இளங்கிடேரி, எட்டு மாதச் சினை, முதல் ஈற்று. யோசிக்காமல் வழக்கம்போல வேலியோரம் வரை வண்டியிலேயே போனேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கிடேரி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. கண்ணெதிரே, படிப்படியாக இறங்கும் தோட்டத்தின் கீழ்ப்பாத்தியில் பாய்ந்து, அதற்கும் கீழே இருந்த பாத்தியில் முன்னங்கால் மடங்கி விழுந்தது.

அந்த அம்மா ஓடிவந்து கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "ஏம்மா, மாட்டப் பாக்க வாறவுகளா நீங்க, கொல்ல வாறவுகளா? புள்ளத்தாச்சி மாடும்மா அது!"

நான் என்ன சொல்வது, என் கணவர் பன் சுட்டுக்கொண்டிருந்தார் என்றா? இரண்டு பேருமாகக் கிடேரியைத் தூக்கி நிறுத்தினோம். முழங்கால் தோல் கிழிந்திருந்தது. மருந்து போட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கன்று உதைத்தது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா, "இனிமே அந்த வண்டியோட இந்தப் பக்கம் வராதீக" என்றார். சாலை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். அந்த ஏற்றத்தில் எனக்கு வந்த கோபத்தில்தான் முடிவு செய்தேன், இதை இனி யாரிடமும் விடப் போவதில்லை, நானே மாற்றுவேன் என்று.

சனிக்கிழமை மலையிறங்கி வத்தலக்குண்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வண்டி வாங்கிய வருடம் முதற்கொண்டு எல்லாம் சொல்லி, கம்பெனி சைலன்சரும் அதற்கான புது நட்டும் கேஸ்கெட்டும் கேட்டேன். கேஸ்கெட் என்பது இன்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் புகை கசியாமல் வைக்கிற சின்ன வளையம். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "மாட்டத் தெரியுமான்னு சார்கிட்ட ஒருவாட்டி கேட்டுக்கங்கம்மா" என்றார். சாரை எங்கே பார்த்தார் இவர்?

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வீட்டுக்குப் பின்னால் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். இன்ஜின் முன்னால் இரண்டு நட்டு, பின்னால் ஒரு பெரிய போல்ட். அவ்வளவுதான் என்று போன் வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் நட்டு சுலபமாக வந்தது. இரண்டாவதைத் திருப்பத் திருப்ப, நட்டோடு சேர்ந்து அது மாட்டியிருந்த திருகாணியும் இன்ஜினிலிருந்து கழன்று கையில் வந்துவிட்டது. இன்ஜினையே உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பார்த்தால் நட்டு ஆணியில் கோணலாக ஏறிச் சிக்கியிருந்தது. மரை, அதாவது திருகு வரி, கடித்துக்கொண்டதை அப்படியே முறுக்கி இறுக்கியிருக்கிறார், கைகாரர். அந்த நட்டை ஆணியிலிருந்து பிரித்தெடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. நல்லவேளை, ஆணியின் மரை தப்பித்திருந்தது. அதில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கி, அந்தப் பிடியில் ஆணியைத் திரும்ப இன்ஜினில் ஏற்றலாம் என்று இன்னொரு வீடியோ சொன்னது. ஏற்றினேன்.

பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன், சைலன்சரை மாட்டினேன், கிளப்பினேன். குழாயிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. கணவர் உள்ளேயிருந்து வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். "ஊத்தாதீங்க!" என்று அலறினேன். புதுக் குழாயில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் காய்கிறது, அவ்வளவுதான். புகை அடங்கியது. ஆனால் இன்ஜின் பக்கம் 'பட் பட்' என்று ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடாகக் காற்று அடித்தது. அப்போது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆறவிட்டுத் திரும்பக் கழற்றினேன். டார்ச் அடித்து இன்ஜின் துவாரத்துக்குள் பார்த்தால், கரியோடு கரியாக இன்னொரு வளையம் உட்கார்ந்திருந்தது. நான் முதலில் எடுத்தது பட்டறைத் தம்பி வைத்தது. இது வண்டி வாங்கிய நாளிலிருந்து இருந்தது. அதை எடுக்காமலே அதன்மேல் இன்னொன்றை வைத்து மூடியிருக்கிறார். ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி நெம்பி எடுத்தேன். மறுபடி மாட்டிக் கிளப்பியபோது வண்டி பழையபடி முனகியது. அடுத்த வீட்டு நாய்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் போளூருக்குப் போனேன். பயத்தில் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போனேன். கிடேரியின் கால் ஆறிவந்தது. பிற்பாடு நல்லபடியாகக் கன்றும் போட்டது. அந்த அம்மா மட்டும் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பும்போது பட்டறைக்குப் போய்ச் சத்தச் சைலன்சரை மெக்கானிக்கின் மேசைமேல் வைத்தேன்.

"அட, மாத்தியாச்சா? அண்ணன் போட்டாரா?"

"நான் போட்டேன்."

நம்பாமல் வண்டியருகே குனிந்து, துணி சுற்றிக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கரி பிடித்த வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது நீங்க எடுக்காம விட்டது. நட்டையும் கோணலா ஏத்தி வெச்சிருந்தீங்க."

"அவசரத்துல விட்டுப்போச்சுக்கா. கோவப்படாதீங்க."

"கோவப்படத்தான் வந்துருக்கேன்" என்று கிடேரி விழுந்த கதையைச் சொன்னேன். காத்திருந்த நாலைந்து பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என் நம்பர் இருக்குன்னீங்களே, காட்டுங்க."

தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். 'பேக்கரி அண்ணன் வீட்டம்மா' என்று இருந்தது.

"அத அழிங்க."

"என்னான்னு போடட்டும்க்கா?"

என் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டி அடித்தார். அடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.