ஹோட்டல் கிராணியார் எழுத மறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

சிரம்பானின் அந்தப் பழைய ஹோட்டலைப் பற்றி நூல் ஒன்று தொகுக்கப்படுவதாகவும், அங்கு வேலை செய்தவர்கள் தம் நினைவுகளை எழுதி அனுப்பலாம் என்றும் அறிந்தேன். கீழ்த்தளத்தில் மெத்தைக் கடையும் மேலே பூட்டிய அறைகளுமாக இன்று நிற்கும் அக்கட்டடத்தில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அதன் முன்மேசையில் எழுத்தராக இருந்த கிராணியார் ஒருவரைப் பற்றித் தவறான கதை ஒன்று வழங்கி வருகிறது. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

சென்ற கிறிஸ்துமஸ் அன்று அம்பாங்கானில், மறைந்த அக்கிராணியாரின் மகள் வீட்டு விருந்தில் பழைய ஊழியர் சிலர் கூடியிருந்தோம். முன்னாள் சமையற்காரர் ஒருவர் உரத்த குரலில், "உங்க அப்பா ஒரு தடவ ரூம் நம்பர எழுத மறந்து ஒரு தவுக்கேய டிரேன விட வெச்சாரே! அந்த ஆளு லாபில நின்னு கத்துன கத்து இருக்கே, ரஹாங் வரைக்கும் கேட்டிருக்கும்லா!" என்றார். எல்லாரும் சிரித்தனர். அந்த அம்மையாரும் சிரித்துவிட்டுக் கேக் தட்டை மேசையில் வைத்து உள்ளே சென்றார். இக்கதையை நூலுக்கும் கொடுத்துவிட்டதாகச் சமையற்காரர் சொன்னார். நான் அங்கேயே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

நடந்தது இது. தம்பின் என்ற ஊரின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த நான், திருமணமான மறு ஆண்டு ஹோட்டல் வேலைக்கு வந்தேன். தோட்டத்து வீட்டைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ரஹாங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். என் மனைவி அப்போது கர்ப்பிணி.

அந்நாளில் அந்த ஹோட்டலில் கண்ணாடி விளக்குக் கொத்தும் மின்தூக்கியும் நீச்சல் குளமும் இருந்தன. முன்கட்டடத்து அறைகளில் தொலைபேசி உண்டு. பின்கட்டடத்தில் இல்லை. அங்குத் தங்கியவர்களை அதிகாலையில் ஓர் ஆள் தேநீருடன் சென்று கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். தோட்டத்து ஆள் கடிகாரம் இல்லாமலே எழுந்துவிடுவான் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கிராணியார் அறை எண்ணையும் நேரத்தையும் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார். தட்டி முடித்ததும் நான் அந்த எண்ணைத் துடைத்துவிடுவேன்.

மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தேன். நான்காம் வாரம் ஒரு காலை, வழக்கம்போல் விழித்தபோது தகரக் கூரையில் பெருமழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் தோட்டத்தில் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்துவிடும், கோப்பையில் தண்ணீர் நிறைந்துவிடும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர், ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அழைக்கமாட்டார். மழைச் சத்தம் கேட்டால் புரண்டு படுப்பது சிறு வயது முதல் என் உடம்பு கற்றிருந்த பழக்கம். அன்றும் புரண்டு படுத்தேன்.

மீண்டும் கண் விழித்தபோது மணி ஏழு. ஹோட்டலுக்கு ஓடினேன். பலகையில் ஒரே ஓர் எண் இருந்தது. ஐந்தரை மணிக்கு எழுப்ப வேண்டியது. பயத்தில் அதைத் துடைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அந்த அறையில் தங்கியிருந்த தவுக்கே, ஒரு சீன வியாபாரி, இறங்கி வந்து, ரயில் போய்விட்டதென்று கூச்சலிட்டார். மேலாளர் என்னிடம், பலகையில் எண் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மேலாளர் அத்தனை பேர் முன்னிலையிலும் கிராணியாரைத் திட்டினார். நாளை முதல் வரவேண்டாம் என்றும் சொன்னார். கிராணியார் யாழ்ப்பாணத்து வழிவந்தவர். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை. "நான் எழுதினனான்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்த தம் பேனாவையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் வைக்கலானார்.

அதைக் கண்டு என்னால் நிற்க முடியவில்லை. மேலாளர் அறைக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கிராணியாரை அழைத்துக் கதவை மூடினார்.

"ஏன் எழுப்பவில்லை?" என்று மலாயில் கேட்டார்.

"மழ பேஞ்சிச்சி, துவான்."

மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று நகரத்தவரான அவருக்கு விளங்கவில்லை. கிராணியாரே எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, அந்தத் தவுக்கேயும் பால் வெட்டவோ போறவர்?" என்றார். எனக்கு அழுகை வந்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

கிராணியார் அன்றே தம் மேசைக்குத் திரும்பினார். என்னை வேலையிலிருந்து நீக்காமல் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஆனால் கூடத்தில் எல்லார் முன்னும் சொல்லப்பட்ட பழியை யாரும் கூடத்தில் வந்து திரும்பப் பெறவில்லை. உண்மை அந்த மூடிய அறையோடு நின்றுவிட்டது. நானும் வெளியே சொல்லவில்லை.

கிராணியார் ஓய்வு பெற்ற பிறகும் நான் அங்கே இருந்தேன். ஹோட்டலின் இறக்கத்தை நான் அறிந்தது படுக்கை விரிப்புகளால்தான். நெடுஞ்சாலை வந்ததும் வெளியூரார் இரவு தங்காமல் கோலாலம்பூருக்குத் திரும்பினர். ஆறு சலவை இயந்திரம் ஓடிய இடத்தில் இரண்டு ஓடின. பின்கட்டடம் மூடப்பட்டது, நீச்சல் குளம் வற்றியது. சில காலம் கல்லூரி மாணவியர் தங்கினர். பிறகு அதுவும் நின்றது.

சென்ற ஞாயிறன்று இவ்வளவையும் கிராணியாரின் மகளிடம் நேரில் சென்று சொன்னேன். அவர், "அப்பா ஏன் எங்களுக்குக்கூடச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. சொல்லியிருந்தா எனக்கு அங்க மொகம் இருந்திருக்காது" என்றேன்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்கோ" என்றார்.

எழுதிவிட்டேன். நூலில் இடமில்லாவிட்டாலும், சமையற்காரர் கொடுத்த குறிப்புடன் இதையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.